வடக்குச் சுவரும் வெள்ளைத் துணியும்

மறைமலை நகர் திட்டமிட்டு அமைத்த புதிய ஊர். ஆனால் அதைச் சுற்றிப் பழைய சிற்றூர்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில் உங்கள் தாத்தாவின் ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் அதை அழகிய போட்டோ ஸ்டூடியோவாக மாற்ற நினைக்கிறார். கூடத்தில் பெரிய ஜன்னல் ஒன்று வைக்க வேண்டும். எந்தச் சுவரில் வைப்பது? நாளைக் காலையில் கொத்தனார் வந்துவிடுவார். "நீதான் அறிவியல் படிக்கிறாயே, சொல்லு" என்கிறார் அண்ணன்.

புகைப்படக் கலை நூல்கள் பலவும் இதற்கு ஒரே விடை தரும்: வடக்குச் சுவர். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. வானத்தின் பரவிய ஒளி மட்டுமே உள்ளே வரும் என்பது காரணம். அப்படியே ஒப்புக்கொள்ளலாமா? கொஞ்சம் பொறுங்கள். இந்த விதி பிறந்த இடம் ஐரோப்பா. லண்டன் நகரம் ஏறத்தாழ 51½ பாகை வட அட்சத்தில் உள்ளது. அங்கே ஆண்டின் எந்த நாளிலும் நண்பகற் சூரியன் தென்திசையில்தான் நிற்கும்.

மறைமலை நகரின் அட்சம் சுமார் 12.8 பாகைதான். சூரியனோ ஜூன் 21-ஐ ஒட்டி 23.4 பாகை வடக்கே, கடக ரேகை வரை செல்கிறது. அதாவது நம் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுகிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாளிலும், ஆகஸ்டு 18-ஐ ஒட்டி ஒரு நாளிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட சுமார் நான்கு மாதங்கள் நண்பகல் வெயில் வடக்கிலிருந்தே வருகிறது. ஜூன் 21 அன்று நம் ஊரில் சூரியன் உதயம் முதல் அஸ்தமனம் வரை ஒரு கணமும் தெற்குப் பக்கம் வருவதில்லை!

இதை நம்ப நூல் எதுவும் தேவையில்லை; ஒரு கோல் போதும். சமதரையில் 1 மீட்டர் கோலைச் செங்குத்தாக நடுங்கள். நம் ஊரில் உண்மையான நண்பகல் கடிகாரத்தில் 12 மணி 10 நிமிட அளவில் வரும். டிசம்பர் 21 அன்று அந்நேரத்தில் நிழல் வடக்கே 73 செ.மீ. நீளும். ஜூன் 21 அன்று தெற்கே சுமார் 19 செ.மீ. விழும். மேகம் மறைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் வடக்குச் சுவர் வேண்டாமா? வேண்டும்தான். தெற்கு ஜன்னலுக்குச் சுமார் எட்டு மாதம் தொல்லை. வடக்கு ஜன்னலுக்கு அதில் பாதி. அந்தத் தொல்லைக்கும் மாற்று உண்டு. ஜூன் நண்பகலில் வெயில் உச்சியிலிருந்து சுமார் 10½ பாகைதான் சாய்ந்து விழுகிறது. ஆகவே 1½ மீட்டர் உயர ஜன்னலின் மேல் 30 செ.மீ. நீட்டிய ஒரு வெயில் தடுப்பு அதை முழுவதும் மறைத்துவிடும். காலையும் மாலையும் தாழ்வாக, பக்கவாட்டில் வரும் வெயிலுக்குத்தான் அது பயன்படாது. அதற்கு என்ன செய்வது?

சென்னையில் ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு வழி கண்டார். அவர் ஆர். நடராஜ முதலியார். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வத'த்தை எடுத்தவர். மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்றவர் என்பதை மோட்டார்த் தொழில் மிகுந்த உங்கள் வட்டாரத்தில் சொல்லாமல் விட மனமில்லை! 1916-17 வாக்கில் புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் அவர் படப்பிடிப்பு நடத்தினார். வலிமை மிக்க மின்விளக்குகளை அவர் நம்பவில்லை. சூரியனே விளக்கு. காட்சி அமைப்பின் மேல் கூரைபோல மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, வெயிலை வடிகட்டி நடிகர்கள்மேல் விழச் செய்தார். பிலிமைக் கழுவும் கூடத்தை மட்டும் குளிர்ச்சியை நாடிப் பெங்களூரில் வைத்துக்கொண்டார். அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. முறை மட்டும் எஞ்சியிருக்கிறது.

துணி என்ன செய்கிறது? ஒளியைக் குறைக்கிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதி விடையே. வானில் சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலமே உள்ள சிறு வட்டம். சிறிய ஒளிமூலம் கத்தியால் வெட்டியதுபோன்ற நிழலைத் தரும். வெயிலில் எடுத்த படத்தில் மூக்கின் கீழே கருந்திட்டு விழுவது இதனால்தான். 1½ மீட்டர் அகலத் துணியில் வெயில் பட்டால், துணி முழுவதும் ஒளிமூலமாகிவிடுகிறது. அதிலிருந்து 1½ மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அது 53 பாகை அகலம்! சூரியனைப்போல நூறு மடங்கு. ஒரு பக்கக் கதிர் எட்டாத இடத்தை மறுபக்கக் கதிர் எட்டிவிடும். கருநிழல் சுருங்கி, புறநிழல் விரிந்து, நிழலின் ஓரம் மென்மையாகிறது. இன்று ஸ்டூடியோக்களில் விளக்கின்முன் மாட்டும் வெள்ளைத்துணிப் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சுவருக்கு அண்ணன் பச்சை வண்ணம் பூச ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியில் பச்சை மிகுந்து, முகத்தின் ஒரு கன்னம் பச்சையாகத் தெரியும். பழைய சுண்ணாம்பு வெள்ளையே நல்லது.

கூடத்தின் நீளம் என்னவாக இருக்க வேண்டும்? காமிரா மூக்கிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருந்தால், காது அதைவிட 12 செ.மீ. பின்னால், 62 செ.மீ. தூரத்தில் இருக்கும். காதோடு ஒப்பிட மூக்கு 24 சதவீதம் பெரிதாகத் தெரியும். யாருக்குப் பிடிக்கும்? 2 மீட்டர் தள்ளி நின்றால் இந்த வேறுபாடு 6 சதவீதமே. அமர்ந்திருப்பவருக்குப் பின்னால் 1½ மீட்டர், படம் எடுப்பவர் நிற்க 1 மீட்டர். ஆக 4½ மீட்டராவது வேண்டும். பழைய வீட்டுக் கூடங்கள் பலவற்றில் இது கிடைக்கும். கிடைக்காவிட்டால் குறுக்குச் சுவரை இடிக்கும் எண்ணம் வரலாம். எச்சரிக்கை! பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. கட்டடப் பொறியாளர் வந்து பார்க்கும் முன் கடப்பாரையை எடுக்கவே கூடாது. ஜன்னலுக்கும் இதே விதிதான். திறப்பின் மேல் விட்டம் வைத்தாக வேண்டும்.

கூரையின் ஓடுகளை மாற்றுவதற்கு முன் ஒரு நண்பகலில் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டு, நீங்கள் மட்டும் கூடத்தில் நில்லுங்கள். ஓட்டின் சிறு இடுக்குகள் வழியே தரையில் ஒளிப்பொட்டுகள் விழும். இடுக்கு முக்கோணமாக இருந்தாலும் பொட்டு வட்டமாகவே இருக்கும். அது சூரியனின் பிம்பம். இடுக்குக்கும் தரைக்கும் இடையே 3 மீட்டர் தூரம் என்றால் அதன் குறுக்களவு 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அளந்து பாருங்கள். மேகம் ஒன்று குறுக்கே போனால் அதுவும் அந்தப் பொட்டுக்குள் தலைகீழாக நகர்வதைக் காணலாம்.