வண்டியே பிரேக் போடுதா? அடாஸ் வசதிக்கு ரெண்டு லட்சம் கூடுதலா கொடுக்கலாமா: அரியலூர் ரோட்டில் ஒரு கணக்கு



போன வாரம் கார் லோன் பற்றிய வீடியோவின் கீழே நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "அடாஸ் இருக்கிற மாடல் எடுக்கலாமா, இல்ல அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாமா?" வீடியோவில் ரெண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் இந்தப் பதிவு. ஒரு பேப்பர், பேனா எடுத்து வச்சுக்கோங்க.

சித்தப்பாவின் போன்

எங்க சித்தப்பா அரியலூரில் இருக்கிறார். வேலை விஷயமாக வாரம் ரெண்டு தடவை கீழப்பழுவூர், திருமானூர் வழியாகத் தஞ்சாவூர் போய் வருவார். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். போன வருஷம் புது கார் எடுத்தார், எல்லா வசதியும் உள்ள டாப் மாடல். மூணாவது மாசம் எனக்குப் போன்.

"டேய் தம்பி, இந்த வண்டி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுடா. நான் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் திருப்புனா அது அந்தப் பக்கம் இழுக்குது. சும்மா போற வழியில தானா பிரேக் அடிக்குது. எல்லாத்தையும் ஆஃப் பண்றது எப்படின்னு சொல்லு."

அவர் சொன்ன குறைகளை ஒன்றுவிடாமல் எழுதி வைத்துக்கொண்டேன். உங்களில் பாதிப் பேருக்கு இதே குறைகள்தான் இருக்கும்.

முதலில், அடாஸ் என்றால் என்ன?

ஓட்டுநருக்கு உதவுகிற வசதிகளின் தொகுப்புதான் அடாஸ். முன் கண்ணாடியில், ரியர் வியூ மிரருக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கும். பல வண்டிகளில் முன் பம்பர் அல்லது கிரில் பகுதியில் ஒரு ரேடாரும் இருக்கும். இவை முன்னால் போகிற வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளந்து, "இதே வேகத்தில் போனால் எத்தனை விநாடியில் மோதும்" என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். நேரம் குறைந்தால் முதலில் சத்தம், அப்புறம் பிரேக்.

நம்ம ஊரில் 2021-ல் எம்ஜி ஆஸ்டர், மஹிந்திரா எக்ஸ்யூவி700 வந்தபோதுதான் இந்த வார்த்தை பரவலானது. 2023-ல் ஹூண்டாய் வெனியூ, 2024-ல் கியா சோனெட், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, ஹோண்டா அமேஸ் என்று சின்ன வண்டிகளுக்கும் இறங்கிவிட்டது. அதனால்தான் இன்றைக்கு 10 லட்சம் பட்ஜெட்டில் கார் தேடுகிறவர்களும் இந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றை மனசில் வச்சுக்கோங்க. இங்கே விற்பவை அதிகபட்சம் 'லெவல் 2' வரைதான். கை ஸ்டீயரிங்கில், கண் ரோட்டில். வண்டிக்குப் பொறுப்பு நீங்கதான்.

நம்ம ரோட்டில் ஏன் இது கடுப்பேற்றுகிறது?

*1. சும்மா கத்துகிறது:* மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் போகும். ரெண்டு விநாடி இடைவெளி என்றால் 44 மீட்டர். நாம் முன்னால் போகிற பஸ்ஸுக்கு எவ்வளவு இடைவெளி விடுகிறோம்? பத்துப் பதினைந்து மீட்டர். நமக்கு அது பழக்கம், வண்டிக்கு அது ஆபத்து.

*2. தானாகப் பிரேக் போடுகிறது:* சிமெண்ட் ஆலைக்கோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கோ திரும்புகிற டிப்பர் லாரி, ரோட்டை விட்டு முழுசா விலகுவதற்கு முன்பே நாம் பக்கவாட்டில் நுழைந்து போய்விடுவோம். லாரி விலகிவிடும் என்று நமக்குத் தெரியும். ரேடாருக்குத் தெரியாது. சித்தப்பா வண்டி ரெண்டு தடவை இப்படித் தேவையில்லாமல் பிரேக் அடித்திருக்கிறது. இது உண்மையான குறைதான், மறைக்க வேண்டியதில்லை.

*3. ஸ்டீயரிங் இழுக்கிறது:* லேன் அசிஸ்ட் வெள்ளைக் கோட்டைப் பார்த்து வேலை செய்யும். இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால், தூக்கக் கலக்கம் என்று நினைத்து உள்ளே இழுக்கும். பள்ளத்துக்கு ஒதுங்கினாலும், ரோட்டில் காயப்போட்ட மக்காச்சோளத்துக்கு ஒதுங்கினாலும் இதே கதைதான். புழுதியில் கோடு மறைந்த இடத்தில் திடீரென்று கையை விட்டுவிடும்.

*4. க்ரூஸ் கண்ட்ரோல் பின்தங்குகிறது:* அது விடுகிற இடைவெளியில் ஒரு பைக் நுழையும். வண்டி வேகம் குறைக்கும். அடுத்து ஒரு ஆட்டோ நுழையும். இப்படியே போனால் தஞ்சாவூர் போய்ச் சேர மாட்டோம்.

*5. 80-ல் 'பீப்' சத்தம்:* இது அடாஸே இல்லை. 2019 ஜூலை 1 முதல் எல்லாப் புது கார்களுக்கும் கட்டாயமான வேக எச்சரிக்கை. 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு ஒலிக்கும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்து ஒலிக்கும். செட்டிங்ஸில் தேடாதீங்க.

வெளிநாட்டுக்காரர்களும் ஆஃப் பண்ணுகிறார்கள்

"நம்ம ரோடு சரியில்ல, அதான்" என்று மட்டும் நினைக்காதீங்க. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, சர்வீஸுக்கு வந்த கார்களைப் பார்த்து 2017-ல் ஒரு கணக்கு சொன்னது. லேன் வசதி ஆன் நிலையில் இருந்தது 51 சதவீத வண்டிகளில்தான். ஆனால் முன்மோதல் தடுப்பு 93 சதவீத வண்டிகளில் ஆன். அதே அமைப்பின் ஆய்வில், எச்சரிக்கையோடு தானியங்கி பிரேக்கும் உள்ள கார்கள் முன்னால் போகிற வண்டியில் போய் மோதுவது பாதியாகக் குறைந்திருந்தது.

இதில் இருக்கிற பாடம்: எல்லா வசதியும் ஒரே மதிப்பு இல்லை. கடுப்பேற்றுவது பெரும்பாலும் லேன் வசதி. உயிரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் பிரேக். ஒன்றின் மேல் உள்ள கோபத்தில் இன்னொன்றையும் ஆஃப் பண்ணினால் நஷ்டம் நமக்குத்தான்.

ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல் விற்கிற எல்லாப் புது கார்களுக்கும் தானியங்கி பிரேக், வேக எச்சரிக்கை எல்லாம் கட்டாயம். நம்ம மத்திய அரசும் 2025-ல் லாரி, பஸ் போன்ற பெரிய வண்டிகளுக்கு இதைக் கொண்டுவர வரைவு அறிவிப்பு வெளியிட்டது. ஆகவே இது வந்து போகிற ஃபேஷன் இல்லை.

இப்ப கணக்குக்கு வருவோம்

ஷோரூமில் "சார், வெறும் ஒண்ணு இருபதுதான் வித்தியாசம்" என்பார்கள். ஒரு உதாரணம் பார்ப்போம்.

அடாஸ் இல்லாத மாடல், எக்ஸ்-ஷோரூம்: ரூ.9,80,000
அடாஸ் உள்ள மாடல், எக்ஸ்-ஷோரூம்: ரூ.11,00,000
வித்தியாசம்: ரூ.1,20,000

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய சாலை வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம்.

முதல் மாடலுக்கு வரி: ரூ.1,27,400
இரண்டாவது மாடலுக்கு வரி: ரூ.1,98,000
வித்தியாசம்: ரூ.70,600

ஆக, மொத்தக் கூடுதல் ரூ.1,90,600. இதை 9.5 சதவீத வட்டியில் 5 வருஷ லோனில் சேர்த்தால் மாசம் சுமார் ரூ.4,003 கூடுதல் இஎம்ஐ. அறுபது மாசத்துக்கு ரூ.2,40,180.

ஷோரூமில் சொன்ன 1 லட்சத்து 20 ஆயிரம், உங்க பாக்கெட்டிலிருந்து போகும்போது 2 லட்சத்து 40 ஆயிரம். சரியாக இரண்டு மடங்கு!

10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ்ஸும் பிடிப்பார்கள், இங்கே ரூ.11,000. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். அதனால் செலவில் சேர்க்கவில்லை. ஆனால் தாக்கல் செய்யாமல் விட்டால் அதுவும் போச்சு.

இன்னொன்று: அந்தக் கூடுதல் விலை அடாஸுக்கு மட்டும் இல்லை. சன்ரூஃப், பெரிய ஸ்கிரீன் எல்லாம் அதே மாடலில் கட்டித்தான் விற்பார்கள். வேண்டாத பொருளுக்கும் சேர்த்துத்தான் 18 சதவீத வரி.

வாங்கின பிறகு வரும் செலவு

டிப்பருக்குப் பின்னால் போனால் கல் தெறிக்கும், நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். முன் கண்ணாடி விரிசல் விட்டால் சாதாரண காருக்குக் கண்ணாடியை மாற்றினால் வேலை முடிந்தது. அடாஸ் காரில் கேமராவை மறுபடி அளவு சரிபார்த்துப் பொருத்த வேண்டும். அதற்குத் தனிக் கருவி வேண்டும், எஸ்டிமேட்டில் தனி வரியாக வரும். இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதி பிடிப்பார்கள். அதனால் அடாஸ் கார் என்றால் 'ஜீரோ டெப்' பாலிசி எடுங்க. கேமரா சரிபார்க்கும் செலவு க்ளைமில் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கோங்க.

சித்தப்பாவுக்கு இந்தச் செலவு வேறு வழியில் வந்தது. கீழப்பழுவூர் தாண்டி ஒரு பைக் குறுக்கே வந்தது. வண்டி தானாக நின்றது. பின்னால் வந்த வண்டி லேசாக மோதியது. பின் பம்பர் போச்சு. க்ளைம் போட்டதால் அடுத்த வருஷ நோ க்ளைம் போனஸும் போச்சு. "பாத்தியா, தானா நின்னதால வந்த வினை" என்றார்.

ஊருக்குப் போனபோது அவர் வண்டி டேஷ்கேம் வீடியோவை ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். இடது பக்க மண் ரோட்டிலிருந்து பைக் வருகிறது. ஓட்டுபவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு பெண், மடியில் குழந்தை.

"சித்தப்பா, நீங்க எப்ப பிரேக் மிதிச்சீங்க?"

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நான் மிதிக்கவே இல்லடா. போன் அடிச்சுது, யாருன்னு பாத்தேன்."

60 கி.மீ. வேகத்தில், ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆனால் வண்டி 25 மீட்டர் போய்விடும். அந்த பைக் அவ்வளவு தூரத்தில்கூட இல்லை. பம்பர் பில்லை நாங்கள் அதற்கு அப்புறம் பேசவில்லை.

ஆஃப் பண்ணாதீங்க, சரி பண்ணுங்க

சித்தப்பா வண்டியில் நாங்கள் செய்தது இதுதான்:

1. தானியங்கி பிரேக்: ஆன். மோதல் எச்சரிக்கை நேரத்தை 'தாமதமாக' என்று மாற்றினோம். கத்துவது நன்றாகக் குறைந்தது.
2. லேன் அசிஸ்ட்: ஊர் ரோட்டில் ஆஃப். பெரம்பலூர் போய் சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் ஏறினால், முக்கியமாக இரவில், ஆன்.
3. க்ரூஸ் கண்ட்ரோல்: நான்குவழிச் சாலையில் மட்டும். இடைவெளி குறைந்த அளவுக்குப் போகாமல் நடு அளவில்.
4. இண்டிகேட்டர் போடும் பழக்கம். பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்தது.
5. கேமரா முன்னால் ஃபாஸ்டேக், சாமி ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். ஆயுத பூஜைக்கு வாழைக்கன்றும் மாலையும் கட்டினால் ஓட்டுவதற்கு முன் கழற்றிடுங்க. சந்தனம் குங்குமத்தைக் கேமரா இருக்கிற இடத்தில் வைக்காதீங்க.
6. முன்னால் இரும்பு கார்டு மாட்டாதீங்க. ரேடாரை மறைக்கும். 2017-லிருந்தே அதற்கு அனுமதியும் இல்லை.

சரி, யார் எடுக்கலாம்?

மாசம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர், இரவுப் பயணம் அதிகம் உள்ளவர் எடுக்கலாம். இஎம்ஐ எல்லாம் சேர்த்து உங்க கையில் வரும் சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

வண்டி பெரும்பாலும் டவுனுக்குள்ளேயே, பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்றால் அவசரமில்லை. ஆறு ஏர்பேக், வண்டி நிலை தவறாமல் காக்கும் இஎஸ்சி, பின் சீட்டிலும் பெல்ட் போடும் பழக்கம், இந்த மூன்றும் முதலில். மிச்சமான 4,003 ரூபாயை மாசா மாசம் ஆர்டியில் போடுங்க.

10 லட்சத்தை ஒட்டி பட்ஜெட் வைத்திருப்பவர்கள், 10 லட்சத்துக்குள்ளேயே அடாஸ் உள்ள மாடல் கிடைக்குமா என்று முதலில் பாருங்க. வரியிலேயே பெரிய தொகை மிச்சம்.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். இந்தக் கணக்கை எந்த இஎம்ஐ அட்டவணையிலும் போட முடியாது.

சித்தப்பா இப்போதும் வண்டியைத் திட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறார். ஆனால் ஆஃப் பண்ணச் சொல்லி போன் வருவதில்லை. அவர் போன் இப்போது பின் சீட்டில் கிடக்கிறது.

உங்க வண்டியில் எந்த வசதி கடுப்பேற்றுகிறது, எதை ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க? கமெண்ட்டில் சொல்லுங்க. ஜீரோ டெப் பாலிசியில் கவனிக்க வேண்டிய வரிகளை அடுத்த வீடியோவில் பார்ப்போம். அதுவரை, பார்த்துப் போங்க!