காலையில உங்க பொண்ணு சாப்பிட்டாளா?



போன மாதம் வெம்பக்கோட்டை பக்கம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வரவு எழுதி முடித்ததும் ஓர் அக்கா மெல்லச் சொன்னார்: "எம் பொண்ணுக்கு 19 வயசு. இன்னமும் சிலேட்டுக் குச்சியத் திங்கிறா. அடிச்சும் பாத்துட்டேன், விட மாட்டேங்கிறா." "எம் மருமக பச்சரிசிய அள்ளி அள்ளித் திங்கிறா" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சிரித்திருக்கக் கூடாது.

மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி தின்ன ஆசை வருவது பல நேரம் இரும்புச் சத்து குறைந்ததன் அடையாளம். அடித்தால் போகாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. 15 பேர் உள்ள குழுவில் 8 பேர் என்று வையுங்கள்!

நம்ம பக்கம் காரணம் தெரிந்ததுதான். பயர் ஆபீஸ் வேன் காலையிலேயே வந்துவிடும். பிள்ளை வெறும் டீயோடு ஏறிவிடுகிறாள். சில பிள்ளைகள் 'குண்டாயிருவேன்' என்று இராச்சோற்றையும் விடுகிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பாருங்கள். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். டீ சத்தைச் சேர விடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர உதவும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரை பைக்குள்ளேயே கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அது மனசு சம்பந்தப்பட்ட நோய். 14416க்கு ஃபோன் செய்தால் இலவசமாகப் பேசுவார்கள்.

அந்த அக்கா மகளுக்கு 8 கிராம்தான் இருந்தது. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்.