கறுப்பு ஆற்று மீனுக்குச் சூடு உறைக்காதா?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கப் போனவர்களுக்கு டெட்ராவைத் தெரியாமல் இருக்காது. நீலக் கோடும் சிவப்பு வயிறுமாக, விரல் நுனி அளவு மீன். அதில் கார்டினல் டெட்ரா என்ற வகைக்குப் பிறந்த வீடு, பிரேசிலில் அமேசானோடு கலக்கும் ரியோ நீக்ரோ. போர்ச்சுக்கீசிய மொழியில் கறுப்பு ஆறு என்று பொருள். காட்டிலிருந்து விழும் இலையும் கட்டையும் ஊறி, தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் ஓடும். அதன் பி.எச். பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில். உப்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை, காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரி. வெப்பமோ 30 டிகிரியை ஒட்டி. டெட்ரா வளர்ப்பவர்கள் தொட்டியில் நாட்டு வாதுமை இலையை ஊறப்போடுவது இந்தத் தண்ணீரைக் கொஞ்சமாவது கொண்டுவரத்தான்.

இந்த மீன்களைக் காட்டி ஒரு வாதம் வருவதுண்டு. அமிலத்திலும் சூட்டிலும் அவை காலங்காலமாக வாழ்கின்றன, பூமி இன்னும் இரண்டு டிகிரி சூடானால் என்ன குடிமுழுகிவிடும்? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்துக்குள் பல தவறான நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன.

நம்பிக்கை: வெப்ப நாட்டு மீன், வெப்பத்தைத் தாங்கும்.

தாங்கும், தான் பழகிய வெப்பத்தை. குளிர்நாட்டு ஏரி மீன் பனிக்காலத்தையும் கோடையையும் ஒரே ஆண்டில் பார்க்கிறது. அமேசான் மீனுக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சூடு. அதனால் அது வாழும் வெப்பத்துக்கும் அதைக் கொல்லும் வெப்பத்துக்கும் இடையில் உள்ள தூரம் சிறியது. ஏற்கெனவே விளிம்பில் நிற்பவரை ஓரடி தள்ளினாலே போதும்.

அந்த ஓரடியை 2023-இல் பார்த்தோம். அமேசோனாஸ் மாநிலத்தின் தெஃபே ஏரி கடும் வறட்சியில் சுருங்கி, முழங்கால் அளவுத் தண்ணீராக வெயிலில் காய்ந்தது. செப்டம்பர் கடைசியில் அங்கே தண்ணீரின் வெப்பம் 40 டிகிரியை ஒட்டியும் அதைத் தாண்டியும் போனது. நம் உடம்பில் இருந்தால் கடுங்காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு ஓடுவோமே, அந்த அளவு. சில வாரங்களில் 150-க்கும் மேற்பட்ட ஆற்று டால்பின்கள் செத்து மிதந்தன. மீன்களும் செத்தன. டால்பின் நுரையீரலால் காற்றை மூச்சிழுக்கும் பாலூட்டி என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம்பிக்கை: சூடு மீனை வேகவைத்துக் கொல்கிறது.

தெஃபே போன்ற கொடிய நாட்களில் வெப்பமே நேராகக் கொல்லலாம். ஆனால் பெரும்பாலும் மீன் அதற்கு வெகு முன்பே மூச்சுத் திணறிவிடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் சுமார் ஏழரைதான். வரவு இப்படிக் குறையும்போது செலவு ஏறுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் மீனின் உடம்பு கேட்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இரவில் பாசியும் செடியும்கூட அந்தக் கையிருப்பில் பங்கு கேட்கும். மீன் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் காட்சி அவர்கள் வயிற்றைக் கலக்கும்.

அமேசானின் தம்பாக்கி இதற்கு ஒரு வழி கண்டுவைத்திருக்கிறது. நம் சந்தையில் ரூப்சந்த் என்று விற்கும் மீனின் நெருங்கிய உறவு அது. வெள்ளக்காலத்தில் காட்டுக்குள் நீந்திப் போய்ப் பழம் தின்னும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் சில மணி நேரத்திலேயே அதன் கீழுதடு வீங்கி அகப்பை போல முன்னே நீளும். காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்மட்டத் தண்ணீரில்தான் ஆக்சிஜன் அதிகம், அந்த மெல்லிய படலத்தை அந்த உதட்டால் அள்ளிச் செவுளுக்கு அனுப்பும். நிலைமை சரியானதும் உதடு சுருங்கிவிடும். இதை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இந்த உதடு ஓர் இரவைக் கடக்கத்தான் உதவும். மனாஸ் நகரில் உள்ள இன்பா என்ற அமேசான் ஆய்வு நிறுவனத்தில், 2100-ஆம் ஆண்டுக்குக் கணிக்கப்பட்ட வெப்பத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் அறைகளுக்குள் உருவாக்கி அங்கே தம்பாக்கியை வளர்த்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான ஆய்வில், கடுமையான சூழல் கொண்ட அறையில் வளர்ந்த குஞ்சுகளுக்கு எலும்புக் குறைபாடுகள் அதிகம். உயிரோடு இருப்பதும் நல்லபடி இருப்பதும் வேறுவேறு.

நம்பிக்கை: காற்றை மூச்சிழுக்கும் மீனுக்குப் பயமில்லை.

வற்றிய கம்மாய்ச் சேற்றில் கிடந்து பிழைக்கும் விராலைப் பார்த்த நமக்கு இது இயல்பாக வரும் எண்ணம். அமேசானில் அதற்கு இணை பிராருக்கு, இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் ராட்சத மீன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்காவிட்டால் மூழ்கியே செத்துவிடும். ஆனால் அதன் குஞ்சு பிறந்த புதிதில் செவுளைத்தான் நம்பியிருக்கிறது, வளர வளரத்தான் காற்றுக்கு மாறுகிறது. ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் முதலில் மாட்டுவது பிள்ளைகள். காற்று மூச்சு ஆக்சிஜன் பஞ்சத்துக்குத்தான் மருந்து, சூட்டுக்கு அது மருந்தில்லை. மீன் மூச்சுக்காக வந்தே ஆக வேண்டிய மேல்மட்டம்தான் வெயில் நாளில் அதிகம் கொதிக்கும் இடம். தெஃபேயின் டால்பின்களுக்குக் காற்று குறையவே இல்லை.

நம்பிக்கை: ரியோ நீக்ரோவில் மீன் வாழ்வதால் அமிலம் தீங்கில்லை.

நன்னீர் மீனின் ரத்தத்தில் வெளித் தண்ணீரைவிட உப்பு மிக அதிகம். அந்த உப்பு செவுள் வழியே எப்போதும் கசியும், மீன் அதைத் தண்ணீரிலிருந்து விடாமல் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். அமிலம் கூடினால் செவுளின் செல்களை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம் தளர்ந்து கசிவு பெருகும், சோடியத்தை உள்ளே இழுக்கும் வேலையும் தடைப்படும். மீன் உப்பை இழந்தே சாகும். ரியோ நீக்ரோ மீன்கள் சிலவற்றின் செவுள் அந்த அமிலத்திலும் தளர்வதில்லை. ஏறக்குறைய உப்பே இல்லாத தண்ணீரிலிருந்தும் சோடியத்தைப் பிடித்துவிடும். இலை ஊறிய அந்தக் கறுப்புச் சாறும் செவுளைக் காக்க உதவுகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆக, அந்தத் தாங்கும் திறனில் ஒரு பங்கு காடு தருவது. எண்ணிலடங்காத தலைமுறைகளில் அமைந்த இந்த ஏற்பாட்டை வேறோர் ஆற்று மீன் ஐம்பது ஆண்டுகளில் செய்துகொள்ள முடியாது.

பழகாத மீனுக்கு என்ன ஆகும் என்பதைக் கனடா காட்டியது. ஒண்டாரியோவில் '223' என்று எண்ணிட்ட சிறு ஏரியில் 1976 முதல் கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார்கள். சில ஆண்டுகளில் பி.எச். 6.8-இலிருந்து 5-ஐ ஒட்டி இறங்கியது. முதலில் காணாமல் போனவை குட்டி இறால் போன்ற உயிர்களும் பொடி மீன்களும். பெரிய ஏரி ட்ரவுட் உயிரோடு இருந்தது, ஆனால் தின்ன எதுவும் இல்லாமல் எலும்பும் தோலுமாக இளைத்தது. குஞ்சு பிழைப்பதும் நின்றது. அப்போது கரையில் நின்று ஏரியில் மீன் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்பதே பதில்.

காற்றில் கூடும் கார்பன் டை ஆக்சைடு கரைந்து கடல் அமிலமாவது போல எல்லா ஏரியும் ஆறும் ஒரே வேகத்தில் அமிலமாகின்றன என்பதும் சரியில்லை. ஜெர்மனியின் ரூர் பகுதி நீர்த்தேக்கங்கள் நான்கில் 1981 முதல் 2015 வரை பி.எச். சுமார் 0.3 குறைந்தது உண்மை. சுண்ணாம்புப் பாறை நிலத்து ஏரியோ அமிலத்தைத் தானே முறித்துக்கொள்ளும். ஒவ்வொரு நீர்நிலையையும் தனித்தனியே அளந்துதான் பேச வேண்டும்.

சூடு தாங்காவிட்டால் மீன் வேறிடம் போய்விடும் என்பார்கள். ஆற்றோடு இணைப்பு அறுந்த ஏரியிலிருந்து எங்கே போகும்?

2023 அக்டோபரில் மனாஸ் துறைமுகத்தில் ரியோ நீக்ரோவின் நீர்மட்டம், 1902-இல் தொடங்கிய பதிவேட்டில் அதுவரை இல்லாத ஆழத்துக்கு இறங்கியது. 2024 அக்டோபரில் அதற்கும் கீழே போனது.