லூயிஸ் தீவுப் படைவீரர்களைத் தேடப் புறப்படுவோருக்கு

ஸ்காட்லாந்தின் வடமேற்கே அட்லாண்டிக் ஓரத்தில் இருக்கிறது லூயிஸ். முதல் உலகப்போர் மூண்டபோது அங்கே முப்பதாயிரம் பேர்கூட இல்லை. அதில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் படைக்குப் போனார்கள்; ஆயிரத்துக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. அவர்களைத் தேடத் தொடங்கும் இளையவர்களுக்குச் சில வார்த்தைகள்.

1. பெயரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஜான் மெக்லியோட், டொனால்ட் மெக்லியோட் என்று ஒரே ஊரில் பலர் இருப்பார்கள். ஊர்க்காரர்கள் அப்பன், பாட்டன் பெயரைச் சேர்த்தோ, பட்டப்பெயராலோதான் ஆளைச் சொல்வார்கள். ராணுவ எழுத்தர் அதையெல்லாம் எழுதமாட்டார். உங்களுக்குக் கைகொடுப்பது நில எண். அங்கே ஒவ்வொரு குடும்பமும் உழுத சிறு குத்தகை நிலத்துக்கு (‘கிராஃப்ட்’ என்பார்கள்) ஓர் எண் உண்டு. அந்த எண்ணும் ஊரும் சேர்ந்ததுதான் விலாசம். ‘லாயல் லூயிஸ்’ என்ற படைவீரர் பட்டியல் ஊர்வாரியாகவே அமைந்திருக்கிறது. முதலில் அதில் ஆளை நிலைநிறுத்திவிட்டு, பிறகு லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள்.

2. காப்பகத்தில் கடற்படைப் பதிவுகளை முதலில் பாருங்கள். மீன்பிடித் தொழிலாளர்கள் பலர் ராயல் நேவல் ரிசர்வ் என்ற சேமக் கடற்படையில் பதிந்திருந்தார்கள். அமைதிக் காலத்திலும் அதில் சிறு தொகை கிடைத்தது. படை எண்ணோடு வரும் எழுத்தையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்; அதுவும் எண்ணின் பகுதிதான். இன்னொன்று: கடற்படைக்காரர் என்றால் கப்பலில்தான் இருந்திருப்பார் என்று முடிவு கட்டாதீர்கள். கப்பலில் இடமில்லாதவர்களைக் காலாட்படையாக்கி 1914 அக்டோபரில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பின்வாங்கியபோது எல்லை தாண்டிய சுமார் 1,500 பேரை நடுநிலை நாடான நெதர்லாந்து, குரோனிங்கனில் தடுத்து வைத்தது. அவர்களில் லூயிஸ்காரர்களும் பலர். மாலுமியின் போர்க்கதை டச்சு முகாமில் முடிவதும் உண்டு.

3. தரைப்படைக் கோப்பு கிடைக்கவில்லை என்றால் மனம் தளராதீர்கள். 1940 செப்டம்பரில் லண்டன் குண்டுவீச்சில் அந்தக் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. பதக்க அட்டைகள் தப்பின. அவை ஆளின் படைப்பிரிவையும் எண்ணையும் தரும்.

4. கனடாவையும் பாருங்கள். பிழைப்புத் தேடிப் போன தீவுக்காரர்கள் அங்கேயே படையில் சேர்ந்தார்கள். கனடாவின் தேசியக் காப்பகம் முதல் உலகப்போர்க் கோப்புகளை முழுமையாக மின்வடிவாக்கி, இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது.

5. தேடலைப் போர் நின்ற 1918 நவம்பர் 11-இல் நிறுத்திவிடாதீர்கள். லூயிஸுக்கு இது மிக முக்கியம். 1919 புத்தாண்டு பிறந்த இருட்டில், ஊர் திரும்பும் மாலுமிகளை ஏற்றிவந்த ‘அயோலேர்’ என்ற கப்பல், லூயிஸின் ஸ்டோர்னோவே துறைமுக வாயிலில் ‘பீஸ்ட்ஸ் ஆஃப் ஹோம்’ பாறைகளில் மோதியது. கரை கூப்பிடு தூரம்தான். இருந்தும் 201 பேர் மாண்டார்கள். 79 பேர் பிழைத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், நெஸ் பகுதியைச் சேர்ந்த ஜான் எஃப். மெக்லியோட் அலையோடு நீந்திக் கரைசேர்த்த கயிற்றைப் பற்றி வந்தவர்கள். போர்க் கல்லறை ஆணையம் 1921 ஆகஸ்ட் 31 வரையிலான சாவுகளைக் கணக்கில் கொள்கிறது. நீங்களும் அந்தத் தேதிவரை பாருங்கள். இல்லாவிட்டால் அயோலேரில் மாண்டவர்கள் உங்கள் பட்டியலில் இருந்தே விழுந்துவிடுவார்கள்.

6. உயிரோடு திரும்பியவர்களையும் எழுதுங்கள். இறந்தவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. திரும்பிவந்து நிலத்தை உழுதவருக்குப் பல வேளை ஒரு பதக்க அட்டைதான் மிச்சம். எனக்கு அவர்கள்மேல்தான் அதிக அக்கறை.

7. குடும்பத்தாரிடம் பேசும்போது அவசரம் வேண்டாம். அயோலேர் பற்றி அந்தத் தீவு பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. முதலில் ஊரைப் பற்றி, நிலத்தைப் பற்றி, படகைப் பற்றிக் கேளுங்கள். போர்ப் பேச்சை அவர்களே எடுக்கட்டும். கேட்டதைத் தேதி போட்டு, சொன்னவரின் சம்மதத்தோடு எழுதி, ஒரு படியை அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்தில் கொடுத்துவிடுங்கள். நெஸ் பகுதியில் 1977 முதல் அப்படியொரு சங்கம் இயங்குகிறது. மற்றப் பகுதிகளிலும் உண்டு.