கோ-கார்ட்: ஸ்பிரிங் இல்லாத வண்டி வளைவது எப்படி?

நான்கு சிறு சக்கரங்கள், எஃகுக் குழாய்களால் ஆன ஒரு சட்டம், ஓர் இருக்கை, ஒரு சிறிய எஞ்சின் - கோ-கார்ட் என்பது இவ்வளவே. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், புல்வெட்டும் பொறியின் எஞ்சினைக் கொண்டு முதல் கார்ட்டை உருவாக்கினார். பின்னாளில் கார்ப் பந்தயங்களில் உலகப் புகழ் பெற்ற அயர்ட்டன் சென்னாவும் மைக்கேல் ஷூமாக்கரும் சிறுவயதில் பழகியது இத்தகைய வண்டியில்தான்.

சொந்தமாக ஒரு கார்ட் வாங்கிப் பந்தயத்தில் ஓட்ட விரும்புவோர், "எந்த எஞ்சின் நல்லது?" என்றே முதலில் கேட்பர். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் அன்று, சட்டம். காரணம் என்ன? கார்ட் வளையும் விதத்தை ஆராய்ந்தால் விளங்கும்.

ஒரே அச்சு, இரு பாதைகள்

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் நீண்ட பாதையிலும், உட்பக்கச் சக்கரம் குறுகிய பாதையிலும் செல்கின்றன. பின்சக்கரங்களுக்கு இடையே 1.1 மீட்டர் தூரம் எனக் கொள்வோம். வண்டி 90 பாகை திரும்பினால் இரு பாதைகளின் வேறுபாடு 1.1 × π/2, அதாவது சுமார் 1.73 மீட்டர். வளைவின் ஆரம் எதுவாயினும் இவ்வேறுபாடு மாறாது. கணக்கிட்டுப் பாருங்கள்!

மோட்டார் காரில் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது. கார்ட்டில் அது இல்லை. இரு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டு, ஒரே வேகத்தில் சுழல்கின்றன. ஆகவே இரண்டும் தரையில் இருந்தால், ஏதேனும் ஒன்று வழுக்கியே தீர வேண்டும். வண்டியும் நேராகவே செல்ல முயலும்.

ஒரு சிறு சோதனை. சம அளவுள்ள இரண்டு மூடிகளை ஒரு பென்சிலின் இரு முனைகளிலும் ஒட்டி மேசைமேல் உருட்டுங்கள், நேராக ஓடும். வளைத்து உருட்டினால் ஒரு மூடி தேய்வதை உணர்வீர்கள். இப்போது ஒரு பக்கத்து மூடியைச் சற்றே தூக்கிக்கொண்டு வளையுங்கள். தடையே இல்லை! கார்ட்டும் இதையே செய்கிறது.

சட்டமே ஸ்பிரிங்

கார்ட்டின் முன்சக்கரங்கள் சாய்வான ஊசிகளைப் பற்றித் திரும்புகின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பியதும், சட்டத்தைப் பொறுத்து உட்பக்க முன்சக்கரம் கீழே இறங்குகிறது. வெளிப்பக்க முன்சக்கரம் மேலே ஏறுகிறது. ஒரு கால் நீண்டுவிட்ட நாற்காலியைப் போல வண்டி ஒரு பக்கம் சாய, உட்பக்கப் பின்சக்கரத்தின் பாரம் நீங்கி அது தரையை விட்டு எழும்புகிறது. வளைவில் பாரம் வெளிப்பக்கம் மாறுவதும் இதற்குத் துணை செய்கிறது.

இவ்வேளையில் சட்டம் முறுக்கப்படுகிறது. வளைவு முடிந்ததும் மீட்சித்தன்மையால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. வேறு ஸ்பிரிங்குகள் வைத்தால் அவை இம்முறுக்கத்தை விழுங்கிவிடும், சக்கரம் எழும்பாது.

இதில் செயல்படும் விசை சிறிதன்று. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சென்றால், மையநோக்கு முடுக்கம் 10 மீ/நொடி². ஓட்டுநருடன் வண்டி 150 கிலோகிராம் எனில், தேவைப்படும் விசை 1,500 நியூட்டன். இது வண்டியின் எடைக்கு ஏறக்குறையச் சமம்! இவ்விசை முழுவதும் டயர்களின் உராய்விலிருந்தே கிடைக்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க

பழைய கார்ட் வாங்குவதானால், சட்டத்தின் வெல்டிங் இணைப்புகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள். பல்லாயிரம் முறை முறுக்கப்பட்ட எஃகு களைத்து வெடிக்கக்கூடும். அடிக்குழாய்கள் தரையில் உராய்ந்து தட்டையாகியிருந்தால் அவற்றின் வலிமை குறைந்திருக்கும். பின்னச்சைச் சுழற்றி, அது கோணலாக ஆடுகிறதா என்றும் நோக்குங்கள். பழுதான எஞ்சினைச் சீராக்கலாம். மீட்சித்தன்மை கெட்ட சட்டத்தை அவ்வாறு மீட்பது அரிது.

பந்தயப் பிரிவுகள் பலவற்றில் ஓட்டுநருடன் சேர்த்துக் குறைந்தபட்ச எடை விதிக்கப்படுகிறது. விசை சமமாயின், நிறை குறைந்த வண்டி அதிக முடுக்கம் பெறும் அல்லவா? ஆகவே மெலிந்தவர்கள் ஈயக் கட்டிகளை இருக்கையோடு இறுக்கிக்கொள்வர்.

வாங்குமுன் வாடகைக் கார்ட்டில், பயிற்சியாளர் முன்னிலையில் பழகுவதே நல்லது. ஒன்றை மறவாதீர்கள். அந்தப் பின்னச்சு உங்கள் முதுகுக்குப் பின்னால், சில அங்குல தூரத்தில், மிக வேகமாகச் சுழல்கிறது. அவிழ்ந்த கூந்தலோ துப்பட்டாவோ அதில் சுற்றிக்கொண்டு உயிரிழந்தோர் உண்டு. கூந்தலை முடிந்து தலைக்கவசத்துக்கும் மேலாடைக்கும் உள்ளே அடக்கிக்கொள்ளுங்கள். தொங்கும் துணி எதுவும் வேண்டாம். எஞ்சினை இயக்கும் முன் பக்கத்தில் இருப்பவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.