ஈய எழுத்தின் ஆறு முகங்கள்

கரும்பலகையில் ஒரு கனச்செவ்வகம் வரைந்து, “எத்தனை முகங்கள்?” என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். மாணவி ஒருத்தி எழுந்து, “மூணு சார்” என்றாள். “நல்லா எண்ணிப் பாரு” என்றேன். விரலை நீட்டி மறுபடியும் எண்ணிவிட்டு, “மூணுதான் சார் இருக்கு” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதன் பிறகு அந்தப் பருவம் முழுவதும் கணக்குப் பாடவேளையில் அவள் வாய் திறக்கவில்லை.

அவள் சொன்னது சரி என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பலகையில் இருந்தவை மூன்று நாற்கரங்கள் மட்டுமே. மற்ற மூன்று முகங்கள் என் தலைக்குள் இருந்தன. இதை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய அறிவியல் புனைகதை. பெயர் ‘ஃப்ளாட்லேண்ட்’; தட்டை நாடு என்று சொல்லலாம். 1884இல் லண்டனில் வெளிவந்தது. எழுதிய எட்வின் அபட் நம்மைப் போல ஆசிரியர்தான். சிட்டி ஆஃப் லண்டன் பள்ளியில் 26 வயதிலேயே தலைமையாசிரியராகி, 1889 வரை அங்கே இருந்தவர். தம் பெயரைப் போடாமல், ‘ஒரு சதுரம்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார்.

அந்தச் சதுரம்தான் கதையைச் சொல்கிறது. அதன் நாடு நீளமும் அகலமும் மட்டுமே உள்ள ஒரு தளம். தொழிலாளர்கள் இருசமபக்க முக்கோணங்கள், குருமார்கள் வட்டங்கள். ஒரு மாலை சதுரம் தன் அறுகோணப் பேரனுக்குப் பாடம் நடத்துகிறது. பக்கம் 3 என்றால் பரப்பு 3² என்று விளக்குகிறது. பேரன் யோசித்துவிட்டு, அப்படியானால் 3³ என்பதற்கும் ஏதாவது வடிவம் இருக்க வேண்டுமே என்று கேட்கிறான். தாத்தா எரிச்சலுடன் அவனைப் படுக்கைக்கு அனுப்பிவிடுகிறார். அன்றிரவே ஒரு கோளம் அந்தத் தளத்தின் குறுக்கே வருகிறது. சதுரத்தின் கண்ணுக்கு அது வளர்ந்து சுருங்கும் ஒரு வட்டம், அவ்வளவுதான். கோளம் சதுரத்தைத் தளத்திலிருந்து வெளியே தூக்கிச் சென்ற பிறகுதான் பேரனின் கேள்வி எத்தனை சரியானது என்று அதற்குப் புரிகிறது. ஆனால் திரும்பி வந்து பேரனிடம் பேச்சை எடுத்தால், மூன்றாம் பரிமாணம் பற்றிப் பேசுவோருக்குத் தண்டனை என்ற அறிவிப்பைக் கேட்டிருந்த அவன், பயந்துபோய், எதுவும் புரியாதவன் போல நடிக்கிறான். இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

இந்தக் கதையைச் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆண்ட்ரூ ஹோயம் நடத்திய ஏரியன் அச்சகம் 1980இல் ஒரு சிறப்புப் பதிப்பாக, 275 படிகள் மட்டும் வெளியிட்டது. முன்னுரை ரே பிராட்பரி. அந்த நூலை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். அட்டை அலுமினியம். உள்ளே பக்கங்கள் தைக்கப்படாமல், விசிறி மடிப்பாக ஒன்றோடொன்று தொடர்கின்றன. 56 பக்கங்களையும் விரித்தால் ஏறத்தாழ 33 அடி. நம் வகுப்பறைக்குள் அடங்காது. தரையில் படுக்க வைத்தால் தட்டை நாடு. மடிப்புகளைச் சற்று எழுப்பி நிறுத்தினால் அதே தாள் முப்பரிமாணம். கதை சொல்வதைப் புத்தகமே செய்து காட்டுகிறது.

இத்தகைய அச்சகங்கள் பழைய உலோக எழுத்து முறையை விடாமல் வைத்திருப்பவை. அதைப் படித்தபோதுதான் நம் ஊர் டிரெடில் அச்சகங்கள் நினைவுக்கு வந்தன. கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்து, இப்போது மூடிக் கிடக்கும் ஓர் அச்சகத்தில் கேட்டேன். இருபது ஈய எழுத்துகள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கனச்செவ்வகம். உயரம் 0.918 அங்குலம், மாணவர்கள் அளவுகோலில் 23 மில்லிமீட்டர் என்று அளந்தார்கள். ஆறு முகங்களில் ஒன்றில்தான் எழுத்து, அதுவும் இடவலம் மாறி. ‘க’ என்ன எழுத்தென்று கண்டுபிடிக்கத் திணறியவர்கள் ‘ப’வை உடனே சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டபோது சமச்சீர்க்கோடு தானாக வந்து சேர்ந்தது. பக்கவாட்டில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கம்பாசிட்டர் பார்க்காமலே விரலால் அறிவது அதனால்தான். தட்டை நாட்டின் எளிய மக்களும் ஒருவரையொருவர் தொட்டுத்தான் அறிகிறார்கள்.

மை தொட்டு அழுத்தினோம். தாளில் விழுந்தது ஒரு முகம் மட்டும். “தாளுக்கு இந்த எழுத்தைப் பத்தி என்ன தெரியும்?” என்று கேட்டேன். “ஒரு பக்கம் மட்டும் தெரியும் சார், உயரம் தெரியாது” என்றான் ஒருவன். (ஈயம் உடலுக்கு ஆகாது. முடிந்ததும் எல்லாரையும் சோப்புப் போட்டுக் கைகழுவ வைத்தேன். இந்த எழுத்துகள் கிடைக்காவிட்டால் தீப்பெட்டியும் ஸ்டாம்பு மையும் போதும். சிறு வகுப்புகளுக்கு அதுவே நல்லது.)

பிறகு குழுவுக்கு ஒரு தீப்பெட்டி கொடுத்து எல்லா முகங்களையும் அச்சிடச் சொன்னேன். அந்த மாணவி ஆறு செவ்வகங்களைப் பதித்து, அவை இரண்டிரண்டாக ஒத்திருப்பதைக் குறித்திருந்தாள். என்னைப் பார்த்து மெதுவாக, “அப்போ போர்டுல மூணுதானே சார் இருந்துச்சு?” என்றாள். “ஆமா, மூணுதான். அன்னிக்கு நீ சொன்னது சரி. நான்தான் கேள்வியைச் சரியாக் கேக்கல” என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. “சார், அப்போ 3⁴க்கு என்ன வடிவம்?” அது பாடத்தில் இல்லை என்று வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதினேன். மதியம் அவளும் இன்னும் இரண்டு பேரும் தீப்பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு அதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.