பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கும் தங்கச்சிக்கும்

ஐ.டி.ஐ. முடித்து ஃபேப்ரிகேஷன் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தொழிலைச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. கண்ணைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. அதை நான் சொல்கிறேன். உன் மெஷினிலிருந்து கிளம்பும் பொறி உன் கண்ணில் மட்டும் விழுவதில்லை. பக்கத்தில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் கண்ணிலும் விழும். கண்ணைக் காப்பதும் கூட வேலை செய்பவரிடம் அன்பாக இருப்பதும் பட்டறையில் ஒன்றேதான்.

1. கண்ணாடி முதலில், சுவிட்ச் பிறகு. வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸும் படிக்கப் போடும் கண்ணாடியும் இதற்கு ஆகாது. பக்கவாட்டில் திறந்து கிடக்கும். வெல்டிங் முடிந்து ஸ்லாக்கைத் தட்டும்போது எல்லோரும் ஷீல்டைத் தூக்கிவிடுகிறோம், சூடான சில்லு தெறிப்பதோ அந்த நேரத்தில்தான். ஆகவே ஷீல்டுக்கு உள்ளேயும் நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி இருக்கட்டும்.

2. ஆர்க் அடிக்கும் முன் குரல் கொடு. உனக்கு 10 அல்லது 11-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. சட்டத்தைப் பிடித்திருக்கும் ஹெல்பர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அவ்வளவுதான் அவருடைய பாதுகாப்பு. வெளிச்சம் தகரத்தில் பட்டுத் திரும்பியும் அடிக்கும். அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும், நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. நடுராத்திரியில் அவர் துடிப்பது உனக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: அவருக்கும் ஒரு ஷீல்டு கையில் வந்த பிறகே ராடை வை. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவரானால், என்ன சொன்னால் கண்ணை மூட வேண்டும் என்பதைக் காலையிலேயே அவரோடு பேசி வைத்துக்கொள். அவர் மொழியில் ஒரு சொல் கற்றுக்கொள்வதில் உனக்கு ஒன்றும் குறையாது.

3. ஆர்க் அடித்த கண்ணுக்குக் கைவைத்தியம் வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் மரத்துப்போகும் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்குகிறவர்களைக் கண்டால் தடுத்து நிறுத்து. வலி அந்த நிமிடமே நிற்கும், ஆனால் மறுபடி மறுபடி விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறாது, புண்ணாகிவிடும். கண்ணை மூடி, ஈரத்துணியைப் போட்டு, இருட்டில் படுக்கச் சொல். டாக்டரிடம் காட்டினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

4. இரும்புத் துகள் விழுந்தால் தேய்க்காதே. கைக்குட்டை நுனி, தீக்குச்சி, ஊசி என்று எதையும் கொண்டு எடுக்க விடாதே. எவ்வளவு கைத்திறமை உள்ள மேஸ்திரியானாலும் இது அவர் வேலை இல்லை. சில மணி நேரத்திலேயே துகளைச் சுற்றித் துரு படியத் தொடங்கும், அதையும் டாக்டர்தான் எடுக்க வேண்டும். நேபாளத்தின் பக்தபூரில் கருவிழிக் கீறல்களைப் பற்றிப் பெரிய ஆய்வு நடந்தது. கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் களிம்பு போடப்பட்ட ஒருவருக்கும் அதில் புண் வரவில்லை. எனவே "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லாதே. அவரைக் கூட்டிக்கொண்டு நீயே போ. கண்ணைப் பொத்திக்கொண்டு தனியாக பஸ் ஏற விடுவது மனுஷத்தனம் இல்லை.

5. தலை பூத்த உளியைக் கையில் எடுக்காதே. சுத்தியல் அடியில் ஓரம் விரிந்த உளியிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும். பூத்த தலையைச் சாணையில் பிடித்துச் சரிசெய்து வைத்துவிட்டுப் போ. அடுத்து எடுப்பவர் யாரென்று உனக்குத் தெரியாது.

6. கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதே, கழுவாதே, அழுத்திக் கட்டாதே. காகிதக் கப்பைக் கவிழ்த்து மூடி ஆஸ்பத்திரிக்கு ஓடு. அறுவை சிகிச்சை தேவைப்படலாம், சாப்பிடக் கொடுக்காதே. ஆனால் ஆசிட்டோ சுண்ணாம்போ தெறித்தால் நேர்மாறு: நின்ற இடத்திலேயே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக் கழுவு, பிறகு கிளம்பு.

7. வீட்டோடு சேர்ந்த பட்டறையில் குழந்தைகளை நினை. லூயி பிரெய்ல் 1809-இல் பிரான்சில் குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடியபோது ஒரு கண்ணில் குத்திக்கொண்டார். தொற்று மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் இரண்டும் போயின. பின்னால் அவர் உலகத்துக்குத் தந்த எழுத்துமுறை பெரிதுதான். ஆனாலும் அந்த ஊசி பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டும்.

8. கண்ணாடி கேட்க வெட்கப்படாதே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 35-ஆம் பிரிவே கண் பாதுகாப்புக்குத்தான் இருந்தது. சின்னப் பட்டறைக்குச் சட்டம் பொருந்தாமல் போகலாம், அங்கேயும் கேள். நாலு பேருக்கும் சேர்த்துக் கேள். புதுப்பையன் கண்ணாடி மாட்டியதைக் கேலி செய்யும் மூத்தவர்கள் இருப்பார்கள். அப்போது அவன் பக்கம் நின்று நீயும் மாட்டிக்கொள்.

9. ஒரு கண் போனவர் இந்தத் தொழிலில் உண்டு. பட்டப்பெயர் வைக்காதே, யார் வைத்தாலும் சேர்ந்து சிரிக்காதே. தூரத்தை அளப்பது அவருக்குச் சிரமம். பொருளைக் கையில் தொட்டுக் கொடு, பார்வையுள்ள பக்கமாக வந்து பேசு. அவருக்கு மிச்சமிருப்பது ஒரே கண். வேலை இல்லாத நேரத்திலும் அவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று நீ கவனி. அவரோ நீயோ எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், இரும்பு அரைக்கும் வேலை செய்தவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணுக்குள் தங்கிய துகளைக் காந்தம் நகர்த்திவிடும்.